ராத்திரியில் அறுந்த இன்டர்நெட்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரே எஸ்.டி.டி. கோடு: 04563. பிராட்பேண்ட் வருவதற்கு முன் இந்த ஊர் வீடுகளுக்கு இன்டர்நெட் வந்த வழி போன் வயர்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று, பெருநகரங்களில். தொடக்கமே ஒரே கோளாறு. தவறு நடந்துவிட்டது என்று அதன் தலைவர் பி.கே. சிங்கால் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

டயல்-அப்பில் நெட் ஓடும்வரை போன் மீட்டரும் ஓடும். 33.6 கேபிபிஎஸ் வேகத்தில் 30 எம்.பி. ஃபைல் இறங்க 2 மணி நேரம் ஆகும். யாரும் போனைத் தொடாத ராத்திரியில் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குவார்கள். கடைசி நேரத்தில் லைன் அறுந்தால் ஃபைல் போச்சு, பில் மட்டும் மிச்சம். காமர்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் சங்க் காஸ்ட், திரும்பி வராத செலவு!

ஏன் அறுந்தது? மழை ஈரம் கேபிள் ஜாயின்ட்டில் இறங்கினால் இரைச்சல். பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்தால் கட். கால் வெயிட்டிங் 'பீப்' வந்தாலும் கட். சும்மா இருந்தால் துண்டிக்கும் செட்டிங் விண்டோஸிலும் உண்டு, சர்வரிலும் உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் வைத்தியம். போனிலேயே கரகரவென்று கேட்டால் லைன்மேன்தான் வர வேண்டும்.

ஆனால் பணத்தைக் காப்பாற்றியது வேறொன்று. 1997-ல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1-ல், ஃபைலின் நடுவிலிருந்து கேட்டு வாங்க வழி இருந்தது. கெட்ரைட், ஃபிளாஷ்கெட் போன்றவை அதை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்ததும் அதே செம்புக் கம்பியில் போனும் நெட்டும் ஒன்றாக ஓடின. இன்றும் செல்போனில் சிக்னல் போய்த் திரும்பியதும் டவுன்லோடு மிச்சத்திலிருந்து தொடர்கிறதே, அந்த வசதியின் அருமை அறுந்த லைன்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.