குளுக்கோசு உணரி - திறன்பேசி இணைப்பு

குளுக்கோசு உணரி - திறன்பேசி இணைப்பு என்பது, நீரிழிவு நோயாளியின் உடலில் பொருத்தப்படும் தொடர் குளுக்கோசு உணரி, தான் அளக்கும் அளவுகளைக் கம்பியில்லா முறையில் திறன்பேசிக்கு அனுப்பும் தொடர்பாடல் ஆகும். இந்த இணைப்பு பல காரணங்களால் அறுபடக்கூடும். அறுபட்டிருக்கும் நேரத்தில் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் திறன்பேசியால் அதனை அறிவிக்க இயலாது. ஆகவே இணைப்பு எந்த இடத்தில் அறுபட்டது எனக் கண்டறிவதும், அது சீராகும்வரை விரல்நுனிக் குருதிச் சோதனையைப் பயன்படுத்துவதும் இக்கருவியைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளாகும்.

பின்னணி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையில் உள்ள மதராசு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. நோயாளிகள் அனைவருக்கும் தொடர் உணரி தேவைப்படுவதில்லை. இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்கும், குறிப்பாக முதலாம் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும், அதன் எச்சரிக்கை ஒலி மிகவும் பயன்படுகிறது. உறக்கத்தில் சர்க்கரை இறங்குவதை நோயாளியே உணராமல் போகலாம் என்பது இதற்குக் காரணம்.

பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறைவான அளவு தாழ்சர்க்கரை எனப்படுகிறது. 54 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலையாகும்.

வரலாறு

நொதியைப் பயன்படுத்திக் குளுக்கோசை அளக்கும் மின்முனை பற்றிய கருத்தை அமெரிக்காவைச் சேர்ந்த லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்சு ஆகியோர் 1962 இல் வெளியிட்டனர். உடலில் அணியக்கூடிய முதல் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு 1999 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அளவுகளை நோயாளி அவ்வப்போது பார்க்க இயலாது. மருத்துவமனையில் தரவிறக்கிய பின்னரே காணலாம். இந்தியாவில் 2015 இல் அறிமுகமான ஃபிரீஸ்டைல் லிப்ரே புரோ கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. உணரியை நோயாளி 14 நாட்கள் வரை அணிந்திருக்க, மருத்துவர் அதன் பதிவுகளைப் படிப்பார்.

ஜான் காஸ்டிக் என்னும் அமெரிக்க மென்பொருள் பொறியாளர், தன் மகனின் சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக 2013 இல் ஒரு நிரலை எழுதினார். அக்காலக் கருவிகளின் அளவுகள் அவற்றுக்குரிய சிறிய அலைவாங்கியில் மட்டுமே தெரிந்தன. அதன் தரவுகளை எடுத்து இணையத்தில் ஏற்றியது அவருடைய நிரல். இம்முயற்சியிலிருந்து நைட்ஸ்கவுட் என்னும் திறந்த மூலத் திட்டம் உருவானது. அலைவாங்கியின் உதவியின்றி நேரடியாகத் திறன்பேசிக்கு அளவுகளை அனுப்பும் டெக்ஸ்காம் ஜி5 கருவிக்கு 2015 இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

அமைப்பு

இவ்வமைப்பை நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கருதலாம்.

1. உணரி: தோலுக்கு அடியில் செல்லும் மெல்லிய இழை. இது குருதியை நேரடியாக அளப்பதில்லை; உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தின் குளுக்கோசை அளக்கிறது. இதனால் குருதியின் அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கிய அளவையே காட்டும்.
2. அலைபரப்பி: மின்கலமும் புளூடூத் சில்லும் கொண்ட பகுதி. சில வகைகளில் இது உணரியுடன் ஒன்றாகவே இருக்கும்.
3. திறன்பேசியும் செயலியும்: அளவைப் பெற்று, திரையில் காட்டி, தேவையானபோது ஒலி எழுப்பும்.
4. வழங்கி: இணையம் வழியாக அளவைப் பெற்றோருக்கோ மருத்துவருக்கோ கொண்டு செல்லும்.

முதல் மூன்று கண்ணிகளுக்கிடையே இணையம் தேவையில்லை. நான்காவதற்கு மட்டுமே அது தேவை. பழுது கண்டறிவதில் இவ்வேறுபாடு முதன்மையானது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். செஞ்சிப் பகுதியில் உள்ள தளவானூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் உள்ளது. உணரி அணிந்த ஒருவர் திறன்பேசியுடன் அதன் உள்ளே சென்றால், பாறையின் தடுப்பால் கோபுர அலை கிடைக்காமல் போகலாம். அப்போதும் அவர் கையிலுள்ள உணரி திறன்பேசியுடன் பேசிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கையும் ஒலிக்கும். ஆனால் வீட்டிலிருக்கும் தாயின் திரையில் அளவு நின்றுவிடும். மாறாக, திறன்பேசியை வெளியே விட்டுவிட்டு உள்ளே சென்றால், வெளியே அலை முழுமையாக இருந்தாலும் உணரியின் இணைப்பு அறுபடும்.

கம்பியில்லா முறைகள்

அண்மைப் புலத் தொடர்பு சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே இயங்கும். லிப்ரே வகை உணரிகளைத் திறன்பேசியால் தொட்டுப் படிப்பது இம்முறையாகும். இதற்கான அலைக்கம்பி ஐஃபோன்களில் மேல் விளிம்பில் உள்ளது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் இது பெரும்பாலும் பின்புறத்தில், வகைக்கு வகை வேறுபட்ட இடத்தில் உள்ளது. இடம் தவறினாலோ, பின்னுறையில் உலோகம் இருந்தாலோ உணரி படிக்கப்படாது.

குறை ஆற்றல் புளூடூத் 2010 இல் வெளியான புளூடூத் 4.0 தரத்துடன் அறிமுகமானது. இது 2.4 கிகா ஹெர்ட்சு பட்டையில் 40 தடங்களைப் பயன்படுத்துகிறது. மின்கலத்தைச் சேமிக்க அலைபரப்பி பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடந்து, குறித்த இடைவெளியில் மட்டும் விழித்து அளவை அனுப்பும். டெக்ஸ்காம் ஜி6 இல் இந்த இடைவெளி 5 நிமிடங்கள். ஆகவே ஒருமுறை தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். திறந்த வெளியில் இதன் எல்லை, வகையைப் பொறுத்து ஏறத்தாழ 6 முதல் 10 மீட்டர் வரையாகும்.

இணைப்பு அறுபடுவதற்கான காரணங்கள்

உடலின் தடுப்பு: 2.4 கிகா ஹெர்ட்சு அலைகளை நீர் உறிஞ்சுகிறது. மனித உடலில் பெரும்பகுதி நீர். இடக்கையில் உணரியை அணிந்து, அதன்மேல் சாய்ந்து உறங்குபவரின் வலப்புறம் திறன்பேசி இருந்தால், அருகில் இருந்தும் இணைப்பு அறுபடலாம். உணரியின் மேல் அழுத்தம் விழும்போது அளவு உண்மையை விடக் குறைவாகக் காட்டப்படுவதும் உண்டு.

இயங்குதளத்தின் மின்சிக்கனம்: மின்கலத்தைச் சேமிக்கும்பொருட்டு ஆண்ட்ராய்டு இயங்குதளம் பின்னணியில் உள்ள செயலிகளை முடக்கக்கூடும். பகலில் ஒழுங்காக இயங்கி இரவில் மட்டும் அறுபடுவது இக்காரணத்தின் அடையாளமாகும். செயலியைத் திரையிலிருந்து தள்ளி மூடிவிடுவதும் இதே விளைவைத் தரும்.

அனுமதிகள்: ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் புளூடூத் கருவிகளைத் தேடச் செயலிக்கு இருப்பிட அனுமதி தேவை. 2021 இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல் இதற்கென 'அருகிலுள்ள கருவிகள்' என்னும் தனி அனுமதி உள்ளது. இயங்குதளம் மேம்படுத்தப்பட்ட மறுநாள் உணரி காணாமல் போனால் அனுமதிகளை முதலில் பார்க்க வேண்டும்.

இரு கருவிகளின் போட்டி: பல உணரிகள் ஒரு நேரத்தில் ஒரு திறன்பேசியுடன் மட்டுமே இணையும். பழைய திறன்பேசியில் செயலி நீக்கப்படாமல் இருந்தால் அது இணைப்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெப்பமும் மின்கலமும்: உணரிப் பெட்டியில் குறிக்கப்பட்ட வெப்ப எல்லையைத் தாண்டி வைத்திருந்தால் உணரி பழுதாகலாம். கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் வட தமிழ்நாட்டில், நிறுத்தி வைத்த மகிழுந்தில் அதனை விட்டுவைக்கக் கூடாது. தனி அலைபரப்பி கொண்ட வகைகளில் அதன் மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. டெக்ஸ்காம் ஜி6 இல் இது ஏறத்தாழ மூன்று மாதங்கள்.

பழுது கண்டறியும் வரிசை

எளிய செயலில் தொடங்கி, மீட்க இயலாத செயலைக் கடைசியில் வைப்பது நல்லது.

1. விரல்நுனிச் சோதனையால் சர்க்கரை அளவை அறிதல். சோதனைக்கு முன் கையைக் கழுவ வேண்டும். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும்.
2. திரையில் உள்ள செய்தியைப் படித்தல். 'அலை இல்லை' என்பது இணைப்புப் பழுது. 'உணரிப் பிழை' என்பது அளவீட்டுப் பழுது. 'உணரி முடிந்தது' என்பது பழுதே அன்று. புதிய உணரி பொருத்தியபின் அளவு காட்டாத தொடக்க நேரமும் பழுதாகாது. இது லிப்ரே 2 இல் ஒரு மணி நேரமும், டெக்ஸ்காம் ஜி6 இல் இரண்டு மணி நேரமும் ஆகும்.
3. அளவு நோயாளியின் திரையில் தெரிந்து, உறவினர் திரையில் மட்டும் தெரியாவிட்டால், இருவரின் இணைய இணைப்பையும் பகிர்வு அமைப்பையும் பார்த்தல். உணரியைத் தொடத் தேவையில்லை.
4. திறன்பேசியை உணரி உள்ள பக்கத்தில், சில அடித் தொலைவுக்குள் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருத்தல்.
5. வானூர்திப் பயன்முறை இயங்குகிறதா எனப் பார்த்தல். அம்முறையிலும் புளூடூத்தை மட்டும் தனியே இயக்கலாம்.
6. புளூடூத்தை நிறுத்தி மீண்டும் இயக்குதல். பயனில்லாவிட்டால் திறன்பேசியை நிறுத்தித் தொடங்குதல்.
7. அனுமதிகளைச் சரிபார்த்து, செயலிக்கு மின்சிக்கனத்திலிருந்து விலக்கு அளித்தல்.
8. இவை எதுவும் உதவாவிட்டால் தயாரிப்பாளரின் உதவி மையத்தை அணுகுதல்.

செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவது பலர் முதலில் செய்யும் செயலாகும். உண்மையில் இது கடைசியில் செய்ய வேண்டியது. சில வகைகளில் செயலியை நீக்கினால், அணிந்திருக்கும் உணரியை மறுபடியும் இணைக்கவே இயலாது. நாட்கள் மீதமுள்ள, விலை மிகுந்த உணரி வீணாகும்.

இழந்த அளவுகளும் இழந்த எச்சரிக்கையும்

பல உணரிகள் இணைப்பில்லாத நேரத்து அளவுகளைத் தமக்குள் சேமித்து, பின்னர் அனுப்பிவிடுகின்றன. லிப்ரே, லிப்ரே 2 உணரிகள் 8 மணி நேர அளவுகளையும், டெக்ஸ்காம் ஜி6 3 மணி நேர அளவுகளையும், ஜி7 24 மணி நேர அளவுகளையும் வைத்திருக்கும். இதனால் காலையில் வரைபடம் இடைவெளியின்றி நிரம்பியிருப்பதைப் பார்த்து, இரவில் இணைப்பு இருந்ததாக எண்ணுவது தவறு. கோட்டைப் பிறகு வரைந்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையைக் காலையில் ஒலித்துப் பயனில்லை.

நான்காம் கண்ணி அறுபட்ட நிகழ்வுக்கு 2019 ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று டெக்ஸ்காம் நிறுவனத்தின் பகிர்வு வழங்கிகள் முடங்கின. குழந்தைகளின் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஆயினும் பெற்றோரின் திறன்பேசிகளுக்கு அளவுகள் வரவில்லை. ஒலி வராததால் குழந்தை நலமாக உள்ளது என நம்பிப் பலர் உறங்கினர்.

இணைப்பு சரியாக இருந்தும் ஒலி கேட்காமல் போவதுண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இதுகுறித்து எச்சரித்தது. அறிவிப்பு அமைப்புகள், இயங்குதள மேம்படுத்தல், புதிதாக இணைக்கப்பட்ட காதணி ஒலிபெருக்கி போன்றவற்றால் நீரிழிவுச் செயலிகளின் முக்கிய எச்சரிக்கைகள் கேட்காமல் போகலாம் என அது சுட்டிக்காட்டியது. எனவே ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பின்னரும், புதிய ஒலிக்கருவியை இணைத்த பின்னரும் எச்சரிக்கை ஒலிக்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.

இணைப்பு இல்லாதபோது செய்ய வேண்டியவை

'அலை இழப்பு' எச்சரிக்கை உள்ள செயலிகளில் அதனை எப்போதும் இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். உணரி இருந்தாலும் விரல்நுனிச் சோதனைக் கருவியையும் அதற்கான பட்டைகளையும் வீட்டில் வைத்திருப்பது இன்றியமையாதது. இணைப்பு இல்லாதபோது பழைய அளவை நம்பி இன்சுலின் போடக் கூடாது. நடுக்கம், வியர்வை, குழப்பம் போன்ற அறிகுறிகளுக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் பொருத்தமில்லாவிட்டால் விரல்நுனிச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரை உறுதியானால், விழுங்கக்கூடிய நிலையில் உள்ளவருக்குப் பொதுவாக 15 கிராம் குளுக்கோசு அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மறுபடியும் சோதிப்பர். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊட்டாமல் உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.