நாடகம் எடுத்த பிள்ளைகள்

உயர்தர வகுப்புக்கு வந்ததும் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "புள்ள என்ன பாடம் எடுத்திருக்கு?" விஞ்ஞானம் என்றால் டொக்டர், வர்த்தகம் என்றால் பேங்க், கலை என்றால் டீச்சர் என்று விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "நாடகமும் அரங்கியலும்" என்று ஒருத்தி சொன்னால் மட்டும் கொஞ்சம் தயங்குவார்கள். "நாடகமா? அதையும் படிக்கிறதா?" உயிரியல் படித்த நாங்களும் அந்நாளில் அப்படித்தான் சிரித்தோம். இம்மலருக்கு அந்தப் பாடத்தின் வரலாற்றை எழுத முன்வந்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

நாடகத்தைப் படிப்புக்குரிய பொருளாகப் பார்த்த முன்னோடி ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பாலமுனையிலிருந்து வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் தாண்டினால் காரைதீவு. அங்கு 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரின் 'மதங்க சூளாமணி' 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த நூல் அது. காரைதீவைத் தாண்டி எத்தனையோ நாள் கல்முனைக்கு ரியூஷனுக்குப் போன எங்களுக்கு, இது முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிய வந்தது!

அடுத்த பெரிய அசைவு பேராதனையில் நிகழ்ந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தின் மூலம் சிங்கள மரபு அரங்கைப் படித்தவர்களின் மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழில் அந்த வேலையைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்தார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, அறுபதுகளில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார்.

எழுபதுகளின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு நாடக டிப்ளோமா நடத்தியது. அதைப் படித்துத் திரும்பிய குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். உயர்தர வகுப்பில் நாடகம் ஒரு பாடமாக வேர்விட்டதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவிகளுக்காக அவர் நாடகங்கள் எழுதினார். கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடுவது வழக்கம். மகளிர் பாடசாலை மேடையிலோ அரசனும் பிள்ளைகள்தான், கிழவனும் பிள்ளைகள்தான்.

சரி, நமது கரைக்கு இது எப்படி வந்தது? வராமலே இருந்த ஒன்றல்ல என்பதே எங்கள் எண்ணம். களிகம்பும் பொல்லடியும் சீனடியும் இங்கு இருந்தன. றபான் தட்டிப் பாடிவந்த பக்கீர் பாவாக்கள் ஒற்றை ஆளாகக் கதையை நடத்திக் காட்டினார்கள். கலியாண வீட்டில் குரவையிட்டு, கவி சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரை நையாண்டி செய்த மூத்தம்மாக்களிடம் இருந்த நடிப்பை எந்தப் பாடவிதானம் கற்றுக்கொடுத்தது? கல்முனைப் பக்கத்துக் கவிஞர் நீலாவணன் 'மழைக்கை' என்ற பாநாடகமே எழுதினார். ஆனால் பெண் பிள்ளைக்கு மேடை, மீலாத் விழாவில் கஸீதா பாடும் வயதோடு சரி. பெரிய பிள்ளையானதும் அது முடிந்துவிடும்.

எங்கள் தோழி ஒருத்தி அங்கேதான் முட்டுப்பட்டாள். நாடகம் எடுக்கப் போகிறேன் என்றதும் வாப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "எழுதிப் பாஸ் பண்ணு, மேடையில ஏறாத." செய்முறைப் பரீட்சை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. பரீட்சை நாளன்று உம்மாதான் கூடப் போனார். கதவுக்கு வெளியே கதிரையில் அமர்ந்து, உள்ளே மகள் ஒரு கிழவனின் குரலில் பேசுவதைக் கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "அது உன்ட அப்பாட கொரல்தானே?" மௌத்தாகி நாலு வருடமான மனிதரின் இருமல் வரை அப்படியே இருந்ததாம். வாப்பாவுக்கு அந்தச் செய்தி எப்போது போனது என்பது இன்றும் அந்த வீட்டு இரகசியம். அவள் மட்டக்களப்புக்குப் போய்ப் பட்டம் பெற்றாள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவளை மீண்டும் கண்டோம். நாங்கள் அப்போது மருத்துவபீட மாணவிகள். பாடசாலைக் கட்டடமொன்றில் இயங்கிய முகாமில் பெனடோல், ஜீவனி, காயத்துக்கு மருந்துக்கட்டு என்று நின்றோம். ஒரு சின்னப் பையனுக்கு உடம்பில் கீறல் கூட இல்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. எங்கள் பதிவுப் புத்தகத்தில் அவனுக்குப் பெயர் இல்லை, 'ஆண், சுமார் 6 வயது' என்று மட்டும் இருந்தது.

அவள் மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. பிள்ளைகளை வட்டமாக இருத்தி, ஒரு சாரனை விரித்தாள். அது முதலில் தோணி, பிறகு பாய், பிறகு ஆடு. யாரையும் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பையன் வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றான். நாலாம் நாள் சாரனை வாங்கி மடித்து, பிள்ளையைப் போல் தோளில் போட்டுத் தட்டினான். "இது யாரு?" என்றாள். "தங்கச்சி" என்றான். அவனது பெயரும் உம்மாவின் பெயரும் அதன் பிறகுதான் கிடைத்தன. அடுத்த முகாமில் தேடிக்கொண்டிருந்த மாமா ஒருவரிடம் அவனை ஒப்படைக்க அந்த இரண்டு பெயர்களும் போதுமாயிருந்தன.

போரின் மனக்காயத்தைப் பேசும் சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ'யை நாங்கள் அதற்குப் பின்னரே தேடி வாசித்தோம். அவள் செய்தது மாயமுமல்ல, விளையாட்டுமல்ல, படித்த படிப்பு என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது அவள் உயர்தர வகுப்புக்கு அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். "லேசான பாடம், Z புள்ளி கூடும்" என்று எண்ணி வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே கிரேக்க அரங்கு, கூத்து, ஒளியமைப்பு என்று வேலை கொடுத்து அந்த எண்ணத்தைப் போக்கிவிடுவாளாம். வகுப்பு ஏற்கும் நாளில் பெற்றாரையும் வரச் சொல்கிறாள். செய்முறைப் பரீட்சை இருப்பதை முதலில் அவர்களிடம்தான் சொல்கிறாள்.