வணிக எரிவாயு அடுப்புப் பராமரிப்பு

வணிக எரிவாயு அடுப்புப் பராமரிப்பு என்பது உணவகம், திருமண மண்டபம், விடுதி, பள்ளிச் சமையற்கூடம் முதலிய இடங்களில் பயன்படும் பெரிய எரிவாயு அடுப்புகளைத் தூய்மை செய்தல், சோதித்தல், சுடரைச் சரிப்படுத்துதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். எரிவாயுவும் காற்றும் சரியான அளவில் கலந்து முழுமையாக எரியச் செய்வதே இதன் நோக்கம் ஆகும். எரிபொருள் சிக்கனம், சமைப்பவரின் உயிர்ப் பாதுகாப்பு ஆகிய இரண்டும் இதனைச் சார்ந்துள்ளன.

எரிபொருள்

இந்தியாவில் இவ்வடுப்புகள் பெரும்பாலும் திரவ பெட்ரோலிய வாயுவில் (எல்பிஜி) இயங்குகின்றன. இது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். வீட்டுப் பயன்பாட்டிற்கு 14.2 கிலோ சிவப்பு உருளைகளும் வணிகப் பயன்பாட்டிற்கு 19 கிலோ நீல உருளைகளும் வழங்கப்படுகின்றன. வீட்டு உருளையை வணிகத்திற்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எல்பிஜி கட்டுப்பாட்டு ஆணை தடை செய்கிறது. ஒரே இடத்தில் 100 கிலோவிற்கு மேல் எல்பிஜி சேமிக்க உரிமம் தேவை. எனவே 19 கிலோ நிறை உருளைகள் ஐந்து வரை (95 கிலோ) உரிமமின்றி வைத்திருக்கலாம்.

செயற்படும் முறை

அழுத்தச் சீராக்கி (ரெகுலேட்டர்) வழியாக வரும் வாயு, ஜெட் எனப்படும் பித்தளை முனையின் நுண்துளையிலிருந்து வேகமாகப் பாய்கிறது. அவ்வேகத்தால் சுற்றியுள்ள காற்று கலப்புக் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. இக்கலவை பர்னரின் துளைகளில் எரிகிறது. 1855இல் புன்சன் உருவாக்கிய ஆய்வுக்கூட அடுப்பின் தத்துவமும் இதுவே. ஒரு கன அளவு புரோப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 கன அளவு காற்றும், பியூட்டேன் எரிய ஏறத்தாழ 31 கன அளவு காற்றும் தேவை.

சுடரைச் சரிப்படுத்துதல்

சரியான சுடர் நீல நிறத்தில், பர்னரை விட்டு விலகாமல், சீராக எரியும். குறைபாடுகளைச் சுடரின் தோற்றத்தைக் கொண்டே அறியலாம்.

* மஞ்சள் சுடர்: காற்று போதவில்லை. பாத்திரத்தின் அடியில் கரி படியும். காற்றுத் தடுப்பைச் சிறிது திறக்க வேண்டும்.
* பர்னரை விட்டு எழும்பும் சுடர்: காற்று அல்லது வாயு அழுத்தம் மிகுதி. இரைச்சல் கேட்கும்.
* பின்னெரிவு: கலவை மெதுவாக வருவதால் சுடர் கலப்புக் குழாய்க்குள் இறங்கி ஜெட்டின் அருகே எரியும். அடுப்பை உடனே நிறுத்தி, ஆறிய பின் சோதிக்க வேண்டும்.
* படிப்படியாகச் சிறுக்கும் சுடர்: உருளையின் மேல் பனி படிந்திருந்தால், வாயு மிக விரைவாக எடுக்கப்பட்டு உருளை குளிர்ந்து, அழுத்தம் குறைந்துள்ளது என்பது பொருள். கூடுதல் உருளைகளை ஒரே குழாயில் இணைப்பதே தீர்வு. உருளையைச் சூடாக்குதல் ஆபத்தானது.

ஜெட்டின் துளை

சுடர் குறையும்போது ஜெட்டை எஃகுக் கம்பியால் குத்துவதும், துளையைப் பெரிதாக்குவதும் பரவலாகக் காணப்படும் தவறுகளாகும். வாயுவின் அளவு துளை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.0 மில்லிமீட்டர் துளை 1.1 மில்லிமீட்டர் ஆனால், அதே அழுத்தத்தில் 21 விழுக்காடு கூடுதல் வாயு வெளியேறும். காற்று அதற்கு ஈடாக உயராததால் எரிதல் குறைபட்டு, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. கசிவை அறிவதற்காக எல்பிஜியுடன் சேர்க்கப்படும் மெர்காப்டன் மணமும் வாயு எரிந்த பின் இராது. ஆகவே மூடிய சமையற்கூடத்தில் மூக்கு இவ்வாபத்தை உணர்த்தாது. மஞ்சள் சுடரும் கரி படிந்த அண்டாவுமே முன்னெச்சரிக்கைகள் ஆகும். தேய்ந்த ஜெட்டை மாற்ற வேண்டுமேயன்றித் திருத்தக் கூடாது.

பராமரிப்பு முறை

சோறு வடிக்கும் சமையற்கூடங்களில் கஞ்சி பொங்கி வழிந்து பர்னர் துளைகளை அடைப்பது வழக்கமான கோளாறாகும். உருளையின் வால்வை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னரைக் கழற்றி, துளைகளைத் தூரிகையால் துடைத்து, கழுவி, ஈரம் உலர்த்திப் பொருத்த வேண்டும். கலப்புக் குழாயில் சிலந்தி வலையோ தூசியோ இருந்தால் அகற்ற வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் பூசிக் குமிழிகள் தோன்றுகின்றனவா எனப் பார்ப்பதே கசிவுச் சோதனை. தீக்குச்சியால் சோதிக்கக் கூடாது. சீராக்கி, வால்வு ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரே பழுது பார்க்க வேண்டும்.

எல்பிஜி வாயு காற்றை விட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடை மிக்கது. கசிந்தால் தரையிலும் சாக்கடையிலும் தேங்கும். ஆகவே காற்றோட்டத் திறப்பு தரைமட்டத்திலும் அமைதல் வேண்டும்.

இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுதல்

காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் முதலிய இடங்களில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் மீத்தேனே மிகுதி. ஒரே கன அளவில் எல்பிஜி இதனை விட இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் தரும். எனவே எல்பிஜி அடுப்பைக் குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்போது, பெரிய துளையுள்ள உரிய ஜெட்டைப் பொருத்தி அழுத்தத்தையும் மாற்ற வேண்டும். அந்த ஜெட்டுடன் மீண்டும் எல்பிஜியில் எரித்தால் சுடர் கட்டுக்கடங்காது.

தஞ்சை வட்டாரத்தில்

திருவிடைமருதூர், கும்பகோணம் முதலிய கோயில் ஊர்களின் திருமணச் சமையலில் நெடுநாள் விறகு அடுப்புகளே பயன்பட்டன. சமையற்கூடத் தீயின் கொடுமையை இவ்வட்டாரம் நேரில் கண்டுள்ளது. 2004 சூலை 16 அன்று, திருவிடைமருதூருக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தோன்றிய தீ ஓலைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சத்துணவு மையங்கள் பலவற்றில் விறகுக்கு மாற்றாக எரிவாயு அடுப்புகள் வந்துள்ளன. 2023 ஆகத்து 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்ட பின், பள்ளிகளில் அடுப்பு எரியும் நேரமும் கூடியுள்ளது. எரிவாயு, விறகின் தீப்பொறியையும் புகையையும் நீக்குகிறது. ஆனால் கசிவு, குறை எரிதல் ஆகிய வேறு ஆபத்துகளைக் கொண்டுவருகிறது. அவற்றைத் தடுப்பது முறையான பராமரிப்பே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* திரவ பெட்ரோலிய வாயு
* புன்சன் சுடரடுப்பு
* கார்பன் மோனாக்சைடு
* கும்பகோணம் பள்ளித் தீ விபத்து