தூரிகையும் மவுஸும்

மலர்க் குழுவினர் போன் செய்து, "அண்ணாச்சி, பழைய நினைவு ஏதாவது எழுதித் தாங்க" என்றார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் ராத்திரி பரோட்டாவைப் பற்றியும் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் செட்டிலேயே உண்டு. ஆகவே என் தொழிலை ஒட்டிய ஒரு சின்னச் சரித்திரத்தை எழுதுகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் இப்போது கிராபிக்ஸ், அனிமேஷன் என்று படிக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

கேள்வி பழசு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். கலையோடு கைத்தொழிலும் சேர்த்துக் கற்பிப்பது என்பது அங்கே ஆரம்பத்திலேயே இருந்த எண்ணம்.

அந்தப் பள்ளியில் படித்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). நம் வீட்டுப் பூஜை அறைகளில் மாட்டியிருந்த முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் போன்ற படங்களின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் அவர் பெயரோ அவருடைய சீடர் ஒருவரின் பெயரோ இருக்கும். அவர் பள்ளியை விட்டு நேரே உத்தியோகத்துக்குப் போய் உட்கார்ந்தவர் அல்ல. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதுகிறவராக ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி ஜில்லா. நம் மாவட்டம் பிரிந்தது 1986-ல்.

சினிமா வந்து நாடகக் கம்பெனிகள் நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. படுதா எழுதத் தெரிந்தவன் இனி என்ன செய்வான்? ஆனால் பக்கத்திலேயே சிவகாசி இருந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து அங்கே ஒன்றின் வால் பிடித்து ஒன்றாகத் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சகம் வேண்டும், அச்சகம் சும்மா இருக்கக்கூடாது என்றால் காலண்டர் வேண்டும். காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். மேடைப் படுதா எழுதிய கை அப்படியே காலண்டருக்கு வந்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொண்டைய ராஜுவிடம் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்றவர்கள் கூடவே இருந்து வேலை செய்துதான் கற்றார்கள். பாடத்திட்டமும் கிடையாது, செமஸ்டரும் கிடையாது. காலண்டர் படம் என்பது வெறும் படம் அல்ல. கீழே கடை பெயருக்கும் தேதி அட்டைக்கும் இடம் விட வேண்டும். அச்சில் எந்தச் சாயம் எப்படி இறங்கும் என்று தெரிய வேண்டும். முருகன் கையில் வேல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தப்பினால் வாங்குகிறவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். மார்க் போடுகிறவர் வாத்தியார் இல்லை, பார்ட்டி! 'சி. கொண்டைய ராஜு, டி.எஸ். சுப்பையா' என்று குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் உண்டு. ஒரு மாணவனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எந்தக் கல்லூரி கொடுக்கும்?

இனி என் கதை. பி.காம். முடித்துவிட்டு நான் டி.டி.பி. கடை போட்டேன். பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப்தான் அன்றைய சோறு. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கீபோர்டு. 1999-ல் தமிழ்நெட் 99 வந்த பிறகும் அந்தக் குழப்பம் உடனே தீர்ந்துவிடவில்லை. பிறகு சாயங்காலங்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாஷ் அனிமேஷன் நடத்தினேன். பெயர் வேண்டாம். "சாப்ட்வேரை மட்டும் நடத்துங்க சார், டிராயிங் எல்லாம் நேரத்துக்குக் கேடு" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்போது படித்தவர்களில் திரேஸ்புரம் பையன் ஒருவன். அவன் அப்பா வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிறவர். இவனுக்கும் எழுத்து கையிலேயே இருந்தது. நான்தான், "அதை விடுடே, மவுஸைப் பிடி" என்றேன். சர்டிபிகேட்டோடு சென்னைக்கு இன்டர்வியூ போனான். அங்கே ஃப்ளாஷைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஒரு பென்சிலையும் தாளையும் கொடுத்து, "ஆள் நடந்து வர்ற மாதிரி ஆறு படம் போடுங்க" என்றிருக்கிறார்கள். அதோடு அவன் செய்த வேலைகளின் ஆல்பம் கேட்டார்கள். இரண்டுமே இல்லை. திரும்பி வந்தவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பின்னால் ஃப்ளாஷும் போயிற்று. 2010-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் தங்கள் போனில் அதற்கு ஏன் இடம் இல்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் அதைக் கைகழுவியது. என் நோட்ஸ் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. இப்போது இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே முருகனைப் போட்டுத் தருகிறது. சில சமயம் ஆறு விரலோடு! அது ஆறு விரல் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிகிற ஆளைத்தான் இன்றைக்கும் தேடுகிறார்கள்.

நம் சங்கத்தில் அச்சகம் வைத்திருப்பவர்கள் உண்டு. உப்பளம், ஷிப்பிங் ஏஜென்சி, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களும் உண்டு. வருஷத்துக்கு ஒரு லேபிளோ காலண்டரோ மாணவர்களிடம் கொடுங்கள். இனாமாக வேண்டாம், கூலி கொடுத்து வாங்குங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஓரத்தில் அவர்கள் பெயரைப் போட மறக்காதீர்கள். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வாசலில் இருப்பேன். இந்த வருஷ மாணவர்கள் சிலர் தங்கள் படங்களோடு வருகிறார்கள். வள்ளத்துக்குப் பெயர் எழுதிய அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். எழுத்து எழுதக் கற்றுக்கொடுக்க.