தன்னியக்க மென்பொருள் முகவர்களின் வாக்களிப்பு

மனிதரின் இடையீடின்றித் தாமே முடிவெடுத்துச் செயற்படும் மென்பொருள்கள் முகவர்கள் எனப்படும். பல முகவர்கள் கூடி ஒரே முடிவுக்கு வரும் விதிகளே வாக்களிப்பு நெறிமுறை. இத்துறையினர் அதிகம் ஆராய்ந்தது வாக்குகளை எண்ணும் முறையை. கையொப்பமில்லாச் செய்திகளை மட்டும் பரிமாறும் குழுவில் ஒருவர் பொய்யரானால் குறைந்தது நால்வரும், இருவர் பொய்யரானால் எழுவரும் இருந்தால்தான் உடன்பாடு உறுதியாகும் என்று லம்போர்ட், ஷொஸ்டாக், பீஸ் ஆகியோர் 1982இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. ஆனால் அந்த நால்வர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நெறிமுறையின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, வாக்காளர் இடாப்பில்தான் இருக்கிறது. றொசல்ல போன்ற தோட்டப் பகுதி வாசகருக்கு இது புதிதன்று: செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் நாள் முழுக்கப் பறித்த கொழுந்துக்கும் கணக்கில்லை.

இடாப்பு இரண்டு வழிகளில் கெடும். பெயர்களைச் சரிபார்க்க நம்பகமான ஓர் அமைப்பு இல்லாதபோது, ஒரே ஆள் பல பெயர்களில் நுழைவதைத் தடுப்பது நடைமுறையில் இயலாது என்று ஜோன் டௌசர் 2002இல் காட்டினார். மற்றது நுட்பமானது. நைட், லெவிசன் இருவரும் 1986இல் வெளியிட்ட சோதனையில், ஒரே தேவைக்குத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்கள், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு ஒரே இடங்களில் சேர்ந்து தவறின. தனித்தனியே எழுதியவற்றுக்கே இந்தக் கதி என்றால், ஒரே மொழி மாதிரியின் பத்துப் பிரதிகள் முகவர்களாக நின்று அளிக்கும் பத்து வாக்கைப் பத்தென்று எண்ணுவது தவறு.

பிட்கொயின் இடாப்பே இல்லாமல் இயங்குகிறதே என்று கேட்கலாம். அங்கே கணிப்பு வலுவே வாக்கு. வலுவை வாங்கக் காசு வேண்டும். சொத்தும் வருமானமும் படிப்பும் பார்த்து வாக்குரிமை தந்த, 1931க்கு முந்திய இலங்கையின் நிலைதான் அது. அப்படியானால் இடாப்பை ஓர் அதிகாரியிடமே ஒப்படைத்துவிடலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. நிறுவனத்துக்குள் இயங்கும் சிறு குழுக்களுக்கு அது பொருந்தும். ஆயினும் இடாப்பை வைத்திருப்பவரைக் கேள்வி கேட்க வழி இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை மலையகம் அனுபவித்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை இடாப்பிலிருந்து நீக்கின. எண்ணும் விதியில் யாரும் கைவைக்கவில்லை. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

ஆகவே முகவர்களின் நெறிமுறை எதுவானாலும் பெயரைச் சேர்ப்பவர் யார், நீக்குபவர் யார், நீக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பவை அதன் முதற் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். மலையகத்தில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல்.