நிறுத்தும் பொருளின் கதை

ராஜா அண்ணாமலைபுரத்துக் குறுக்குத் தெருவொன்றில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் 1968ஆம் ஆண்டு தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று உண்டு. இருவர் அமரலாம், மூன்றாமவர் வாசலில் நின்று கையசைக்கலாம். சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு விடியலில் நம்மை அதில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முன்சக்கரங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பந்தய பிரேக் பேடுகளை மாட்டி இரண்டு நாளே ஆகியிருந்தது. கிரீன்வேஸ் சாலையை எட்டுவதற்குள் பால்காரர் ஒருவரின் சைக்கிள் குறுக்கிட்டது. நண்பர் மிதித்தார். நிற்க மனமில்லாதது போல் வண்டி சறுக்கிச் சென்று, சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பால்காரர் உதிர்த்த சொற்களை இங்கே அச்சேற்ற இயலாது.

"பழைய பேடே தேவலை போலிருக்கே, சார்" என்றார் நண்பர், வியர்வையைத் துடைத்தபடி.

மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருள், பழையதைக் காட்டிலும் மோசமாக நிறுத்துவது எங்ஙனம்? அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு நாம் படித்தவையும் கேட்டவையுமே இக்கட்டுரை.

கதையை அதே வட்டாரத்திலிருந்து தொடங்கலாம். செட்டிநாட்டு ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் (1881-1948) பெயரை இப்பகுதி ஏற்பதற்கு முன்னரே, 20ஆம் நூற்றாண்டின் விடியலில், அடையாற்றங்கரைத் தோட்ட வீடுகளில் ஒன்றான பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரி கம்பெனியின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் தம் மோட்டார் காரில் நாள்தோறும் அலுவலகம் சென்று வந்தார் என்று நகர வரலாற்றாளர் எஸ். முத்தையா எழுதியிருக்கிறார். (ஜெர்மானிய பென்ஸுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.) 1903இல் சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே கட்டி ஓட்டிக் காட்டினார். அந்நாளைய கார்களில் பிரேக் என்பது பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. உருளையைச் சுற்றி இறுக்கும் ஒரு பட்டை, அதன் உட்புறம் தோலோ, மரக்கட்டையோ, பருத்திப் பட்டையோ. சென்னை சமதளமான ஊர். இறக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பரங்கிமலையைத்தான் காட்ட வேண்டும். ஆகவே அது போதுமானதாக இருந்தது.

போதாமற் போனது மலைநாட்டில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தின் மீது பழைய பூட்ஸ் துண்டை வைத்து அழுத்துவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கண்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், 1897இல் அவர் பிரேக் கட்டைக்கென்றே தனிப் பொருளைத் தயாரிக்கத் தலைப்பட்டது உண்மை. தம் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் உருவாக்கிய பெயரே ஃபெரோடோ. பருத்தி நெசவு சூட்டில் கருகியது. கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது. பூமிக்குள்ளேயே அது இருந்தது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் பிரேக் லைனிங்கில் அது இடம்பிடித்துவிட்டது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் உலகம் நின்றதெல்லாம் அதன் மீதுதான்.

டிஸ்க் பிரேக்கின் வரலாறு தாமதத்தின் வரலாறு. 1902இலேயே ஃபிரடெரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் செம்பு முகங்கள் கவ்விப் பிடிக்க வேண்டும். அவை எழுப்பிய கிரீச்சொலியைத் தாங்க முடியவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்த பின்னர், 1953ஆம் ஆண்டு லெமான் 24 மணிப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்ட்டனும் வென்றார்கள். அப்பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல்முறை. எதிராளிகள் வளைவுக்கு வெகுமுன்பே மிதிக்கத் தொடங்கியபோது ஜாகுவார்க்காரர்கள் நேர்பாதையில் இன்னும் சற்று விரைந்தார்கள். வெற்றி எஞ்சினால் மட்டும் கிட்டியதன்று. 1956இல் டிரையம்ஃப் டிஆர்3 காரில் முன்சக்கர டிஸ்க்குகள் வந்தன. 1962இல் ஸ்பிட்ஃபயர் அவற்றோடேயே பிறந்தது.

ஸ்பிட்ஃபயர் சென்னைக்கு ஒருவகையில் உறவுதான். மிகெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே அதைக் கட்டினார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. டாக்டர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் அதில் போனதைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சென்னை ஹெரால்டுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம்தான். தங்கைக்குக் கிடைத்த டிஸ்க் அக்காளுக்குக் கிடைக்கவில்லை.

இக்காலத்தில்தான் நகரின் வடமேற்கே பாடியும் அம்பத்தூரும் பிரேக்கின் ஊர்களாயின. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் கர்லிங் நிறுவனமும் கூட்டாக 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. அதே பத்தாண்டில் ரானே குழுமம் லைனிங் தயாரிப்பில் இறங்கியது. 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. நாடு முழுவதும் ஓடும் லாரிகளையும் பஸ்களையும் நிறுத்துவதில் இவ்விரு ஊர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. நம் நகரத்தார் அதைப் பற்றிப் பெருமை பேசிக் கேட்டதில்லை.

ஆனால் 'பந்தய பேடு' என்ற சொல்லுக்குப் பொருள் கற்பித்த இடம் பாடி அன்று, சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்படும் வரை தென்னாட்டுப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். ஓடுதளம் என்பதால் நெடிய நேர்பாதை, அதன் முடிவில் திடுமென ஒரு வளைப்பு. பிரேக்குக்கு இதைவிடக் கொடிய சோதனை வேண்டுவதில்லை. சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில், அதே வேகத்திலிருந்து மிதித்தாக வேண்டும், ஆறுவதற்கு நேரமில்லை. 1980களில் கோவை கரிவர்தனின் அணியினர் சிபானி டால்ஃபின் கார்களைக் கொண்டு அங்கே ஆதிக்கம் செலுத்தியதன் மர்மங்களில் ஒன்று அக்காரின் ஃபைபர் உடல். எடை குறைந்தால் நிறுத்த வேண்டியதும் குறைகிறதல்லவா?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஓட்டுநருடன் 800 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, ஏறத்தாழ 3 லட்சத்து 9 ஆயிரம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அறை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வீட்டு அடுப்பு அதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பிரேக்குக்குக் கிடைப்பதோ நான்கைந்து விநாடி. சோழவரத்தில் இது சுற்றுதோறும் நிகழும். வேகம் பாதியானால் வெப்பம் கால்வாசியாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்: 50 கிலோமீட்டரில் 77 ஆயிரம் ஜூல்தான். விடியற்காலைக் கிரீன்வேஸ் சாலையில் அதுவும் இல்லை.

விடை இங்கேதான் இருக்கிறது. பந்தய பேடு சூட்டுக்காகச் செய்யப்பட்டது. சாதாரண பேடில் துகள்களைப் பிணைத்திருக்கும் பிசின் கடுஞ்சூட்டில் வாயுவை வெளியிடும். பேடுக்கும் தட்டுக்கும் இடையே அந்த வாயு புகுந்து பிடிமானம் போய்விடும். மெக்கானிக்குகள் 'ஃபேடு' என்பது இதைத்தான். பந்தய பேடு அதைத் தாங்கும். ஆனால் நூறு, இருநூறு டிகிரி ஏறிய பிறகே அது விழித்துக்கொள்கிறது. குளிர்ந்த நிலையில் அது கட்டை. 1960களில் புகழ்பெற்றிருந்த ஃபெரோடோ டிஎஸ்11 பேடைப் பற்றியும் பழைய பந்தயக்காரர்கள் இதையே சொல்வார்கள். போதாததற்கு நண்பரின் காரில் சர்வோ கிடையாது. எஞ்சினின் உறிஞ்சுவிசை காலுக்குத் துணை வராது. மிதியில் விழுவதெல்லாம் ஓட்டுபவரின் தசைவலு மட்டுமே. இத்தகைய வண்டிக்குக் குறைந்த அழுத்தத்திலேயே, குளிரிலேயே கவ்வும் மென்மையான கலவைதான் பொருந்தும். கடினமான பேடு பழைய வார்ப்பிரும்புத் தட்டை அரித்துத் தின்னும் என்பது வேறு. பேடு தேய்ந்தால் வாங்கலாம். அந்தத் தட்டுக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

பேடின் விளிம்பிலோ முதுகிலோ அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலோர் பார்ப்பதேயில்லை. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது சூடேறிய பின் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. சிறு துண்டொன்றைச் சோதித்து இடும் எழுத்து என்பதால் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் இரண்டும் 'எஃப்' ஆக இருக்கும் தெருப் பேடு, நண்பரின் வண்டிக்கு எந்தப் பந்தயப் பெயரைக் காட்டிலும் உகந்தது. 2021இல் வந்த மத்திய அரசு விதியும் ஏறக்குறைய இதையே சொல்லாமல் சொல்கிறது: ஐம்பது ஆண்டு கடந்து 'விஏ' எழுத்துடன் புராதன வாகனமாகப் பதிவான கார் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காகச் சாலைக்கு வரலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு வரலாகாது. அதாவது, அதன் பிரேக் எப்போதும் ஆறியே இருக்கும்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். ஒப்புக்கொண்டார். மறுவாரம் ஒரு அட்டைப்பெட்டியுடன் வந்து நின்றார். ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் யாரோ ஒருவரின் கிடங்கில் பிரிக்கப்படாமல் கிடந்த, 1970களின் அசல் பேடுகள். "அந்தக் காலத்துச் சரக்கு சார், இதுக்குப் பேரே அசல்" என்றார். பாதி விலைக்குக் கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது.

கல்நார். நாம் கையை எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் கல்நார் ஆலையில் நூல் நூற்றவர் நெல்லி கெர்ஷா. நுரையீரல் இறுகி, 1924 மார்ச்சில் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் டபிள்யூ.ஈ. குக் அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயர் சூட்டியதும் அவரே. ஆலை நிர்வாகம் பொறுப்பேற்க மறுத்தது, இழப்பீடு தரவில்லை. டர்னர் பிரதர்ஸ் உள்ளடங்கிய டர்னர் அண்டு நியூவால் குழுமத்தில்தான் 1920களில் ஃபெரோடோவும் சேர்ந்தது. அவரது மரணத்துக்குப் பின் பிரிட்டனில் கல்நாருக்கு முழுத்தடை வர 75 ஆண்டுகள் பிடித்தன. இங்கே 1995இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டு காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நாற்பது என்ற எண் ஏன் என்பது இந்நோய் எவ்வளவு நிதானமாக வரும் என்று அறிந்தவர்களுக்குப் புரியும்.

சென்னை ஒர்க்‌ஷாப்புகளில் டிரம்மைக் கழற்றியதும் பையன் ஒருவன் காற்றுக்குழாயை நீட்டி, சாம்பல்நிறத் தூசியை ஊதித் தள்ளுவதை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம். வாயில் ஒரு துணி கூட இராது. அந்தத் தூசி என்னவென்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. நமக்கும் அப்போது தெரியாது. பழைய பெட்டியை வாங்கி மாட்டுபவர், தம் நுரையீரலைப் பணயம் வைப்பதைவிட அந்தப் பையனுடையதையே அதிகம் வைக்கிறார். இதை நண்பரிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம் போலும். இரண்டு வாரம் பேசவில்லை.

பிறகு அவரே அழைத்தார். பெட்டியைப் பிரிக்காமலேயே பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டி வைத்துவிட்டதாகவும், கல்நாரற்ற தெருப் பேடுகள் வந்து சேர்ந்துவிட்டதாகவும் சொன்னார். மெக்கானிக் தூசியை ஊதவில்லை. ஈரத்துணியால் துடைத்தெடுத்தார், முகக்கவசத்துடன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆள் நடமாட்டமில்லாத அதிகாலையில், அறுபதிலிருந்து இருபதுக்குப் பத்துமுறை மிதமாக மிதித்து, இடையிடையே ஆறவிட்டு, பேடையும் தட்டையும் பழக்கினோம். திரும்பி வருகையில், கிரீன்வேஸ் சாலையில் அதே பால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நண்பர் வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.