எடைமிகுந்த சிபியு கூலரும் மதர்போர்டும்

பிராசஸரின் வெப்பத்தை உறிஞ்சிக் காற்றில் கலக்கச் செய்வது சிபியு கூலர். தாமிரக் குழாய்கள், அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகள், இரட்டை விசிறி என்று வளர்ந்த பெரிய கூலர்கள் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டன. 2014இல் வெளிவந்த நாக்டுவா என்ஹெச்-டி15, விசிறிகளோடு 1,320 கிராம். பென்டியம் 4 காலத்தில் இன்டெல் வகுத்திருந்த உச்ச வரம்பு 450 கிராம்தான். இந்தச் சுமையைத் தாங்கும் மதர்போர்டு, கண்ணாடியிழையும் எபாக்சியும் சேர்ந்த, பொதுவாக 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை. சரியாகப் பொருத்தி, கம்ப்யூட்டரை ஓரிடத்தில் வைத்திருந்தால் கூலரின் எடை மட்டுமே அதை உடைத்துவிடாது.

டவர் கேபினெட்டில் மதர்போர்டு செங்குத்தாக நிற்பதால் கூலர் பக்கவாட்டில் நீண்டு தொங்குகிறது. அதன் எடை பலகையைக் கீழ்நோக்கி முறுக்குகிறது. 1.3 கிலோ கூலரின் எடைமையம் பலகையிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், முறுக்குவிசை ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர். பலகையின் பின்புறம் வைக்கும் உலோக பேக்பிளேட் இதைப் பரவலாக்கிவிடும். பலகை வளைவதற்கு எடையைவிடத் திருகுகளின் இறுக்கமே பெரும்பாலும் காரணம்: கூலரைப் பிராசஸர்மேல் அழுத்தும் விசை இருபது கிலோ எடைக்குச் சமமாகக்கூட இருக்கலாம்.

உண்மையான ஆபத்து வண்டியில் ஏற்றி இறக்கும்போதுதான். கீழே விழும் பெட்டி சட்டென்று நிற்கையில், புவியீர்ப்பைப்போல் முப்பது மடங்கு முடுக்கம் ஏற்பட்டால், அந்த 1.3 கிலோ ஒரு கணம் 39 கிலோவாக இழுக்கும். பிராசஸர் அமரும் சாக்கெட்டின் அடியிலுள்ள ஈயப்பற்று இணைப்புகள் விரிசல் விடும். பீங்கான் கெபாசிட்டர்களில் கீறல் விழும். பலகைக்குள் ஓடும் செம்புத் தடங்கள் அறுபடும். இவை கண்ணுக்குத் தெரியாது. ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யாது, அல்லது கம்ப்யூட்டர் சில சமயம் மட்டும் ஆன் ஆகும். பழுதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஏஎம்டியின் சாக்கெட் ஏ காலத்தில் பெரும்பாலான கூலர்களைத் தாங்கியவை சாக்கெட்டின் பிளாஸ்டிக் கொக்கிகளே. அவை முறிந்தால் கூலர் கழன்று விழும். 2004இல் அறிமுகமான பிடிஎக்ஸ் என்ற மதர்போர்டு வடிவமைப்பில், கூலரின் சுமையைக் கேபினெட்டுக்கே கடத்தும் உலோகத் தாங்கியை இன்டெல் சேர்த்தது. நல்ல தீர்வு அது. ஆனால் பிடிஎக்ஸ் சந்தையில் நிலைக்கவில்லை.

2015 இறுதியில் சிக்கல் வேறு உருவில் வந்தது. இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர்களின் அடிப்பலகை முந்தைய தலைமுறையைவிட மெல்லியது. சில கூலர்களின் அழுத்தத்தால் அது வளைந்து, சாக்கெட் ஊசிகளும் சேதமானதாக ஜெர்மன் இதழொன்று வெளியிட்டது. கூலர் தயாரிக்கும் சைத் நிறுவனம் அழுத்தத்தைக் குறைக்கும் மாற்றுத் திருகுகளை இலவசமாக அளித்தது.

பார்சலில் அனுப்பும் கம்ப்யூட்டரிலிருந்து பெரிய கூலரைக் கழற்றி, தனியே கட்டி அனுப்புவதே பாதுகாப்பு. காரில் எடுத்துச் செல்வதானால் மதர்போர்டு கிடைமட்டமாகவும் கூலர் மேல்நோக்கியும் இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைக்க வேண்டும். அடிக்கடி இடம் மாறும் கம்ப்யூட்டருக்கு நீர்வழிக் கூலர் பொருத்தமானது: ரேடியேட்டரின் எடையைக் கேபினெட் ஏற்றுக்கொள்ள, பம்ப் அமைந்த சிறு பகுதி மட்டுமே பலகையின்மேல் அமரும்.